கோத் ராக் கச்சேரியப் படமா எடுக்கப் போறீங்களா? யாரு மூஞ்சி எத்தனை செகண்டுன்னு எண்ணிப் பாருங்க

நான் முதமுதலா எடுத்த கச்சேரிப் படத்தோட ரஃப் கட்ட நம்ம பறை அண்ணன் வீட்டுக்கே லேப்டாப்பத் தூக்கிட்டுப் போய்ப் போட்டுக் காட்டுனேன், 52 நிமிஷம், மனுசன் டீ ஆறுறது கூடத் தெரியாம பார்த்தாரு, முடிஞ்சதும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "காய்ச்சுறத எல்லாம் காட்டிருக்க தம்பி, அடிக்கிறதக் காணோமே?"

சுருக்குன்னு ஆயிருச்சு. வீட்டுக்கு வந்து திரும்ப ஓட்டிப் பார்த்தா நெசந்தான். வெளிய வைக்கோலக் கொளுத்தி பறையக் காய்ச்சுற ஷாட்டு, அந்தத் தீ, புகை, அண்ணன் முகத்துல ஆடுற வெளிச்சம், எல்லாத்தையும் ஸ்லோ மோஷன்ல நாலு எடத்துல வெச்சிருக்கேன், பார்க்க செமயா இருக்குன்னு. ஆனா மேடையில எட்டுப் பாட்டுக்கு அடிச்ச மனுசன் மூஞ்சி தெரியிறது மொத்தமே 41 செகண்டு. பாடுற பையன் மட்டும் 19 நிமிஷம். அண்ணன நான் வாசிக்கிற ஆளா வெக்கல, மூடுக்கு வெச்சிருக்கேன், சாம்பிராணி புகை மாதிரி.

நான் மதுரக்காரன், தொழிலு கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா வீடியோ. நம்ம ஏரியாப் பசங்க சில பேரு தமிழ்ல கோத் ராக் வாசிக்கிறாய்ங்க, அவிங்களுக்கு இதுவரைக்கும் ரெண்டு கச்சேரி படமா எடுத்துக் குடுத்திருக்கேன், முதல்ல சொதப்புனத ரெண்டாவதுல ஓரளவு சரி பண்ணுனேன். "எல்லாத் தரப்பு ஆளுகளையும் காட்டணும்"னு மேடையில பேச வந்துருவாய்ங்க, எந்த லைட்ட எங்க வெக்கணும், மைக்க யாருகிட்ட குடுக்கணும்னு கேட்டா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். அதனால எனக்குத் தெரிஞ்சத கேமராக்காரன் பேச்சுலயே சொல்றேன்.

கோத் ராக்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு மட்டும் கொஞ்சம். 1970கள் கடைசியில இங்கிலாந்துல பங்க்ங்குற முரட்டு ராக் ஆட்டம் ஓய்ஞ்ச நேரத்துல அதுலருந்து கிளம்புன இருட்டான இசை, பாஸ் கிட்டார் முன்னாடி நிக்கும், கிட்டார் பின்னாடி எங்கியோ எதிரொலிச்சுக்கிட்டே கிடக்கும், பாட்டெல்லாம் சாவு, தனிமை, பாழடஞ்ச வீடு. நார்தாம்ப்டன் ஊர்லருந்து வந்த பவ்ஹவுஸ் பேண்டு 1979ல விட்ட 9 நிமிஷத்துக்கு மேல ஓடுற பாட்டுதான் ஆரம்பம்னு நெறைய பேரு சொல்லுவாங்க, அப்புறம் 1982ல லண்டன் சோஹோவுல பேட்கேவ்னு ஒரு கிளப் திறந்து, முகத்துக்கு வெள்ளை, கண்ணச் சுத்தி மை, கருப்பு உடுப்புங்குற வேஷம் அங்கிருந்து பரவுச்சு. கேக்குறப்ப முழுக்க வெள்ளக்காரப் பசங்க சமாச்சாரம்னுதான் தோணும். ஆனா அந்த 1979 பாட்டுல டிரம் சத்தம் கிணத்துக்குள்ள கல்லு விழுந்த மாதிரி எதிரொலிக்குதுல்ல, அந்த வித்தைக்குப் பேரு டப், ஜமைக்காவுல கிங் டப்பி மாதிரி சவுண்டு எஞ்சினியருங்க மிக்ஸர் மேசையவே வாத்தியமா ஆக்கிக் கண்டுபுடிச்சது. சூசி அண்ட் த பான்ஷீஸ் பேண்டுல முன்னாடி நின்னு பாடுனது ஒரு பொண்ணு. மேகஸின் பேண்டுலயும் அப்புறம் பாடகர் நிக் கேவ் கூட பேட் சீட்ஸ் பேண்டுலயும் பாஸ் வாசிச்ச பேரி ஆடம்சன் மான்செஸ்டர்ல பொறந்த கருப்பினத்துக்காரரு. இத்தனை பேரு இருந்தும் கோத்னு சொன்னதும் கண்ணுல வர்றது முகத்துல மாவு அப்புன ஒல்லிப் பையன்தான், ஏன்னா போஸ்டர்லயும் வீடியோவுலயும் அந்த மூஞ்சியத்தான் பெருசா போட்டாய்ங்க. சரக்கு ஒருத்தங்களது, மூஞ்சி இன்னொருத்தங்களது. நம்ம பறை அண்ணன் கதையும் அதேதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

இடம் புடிக்கிறதுக்கு முன்னாடி ஆளுகட்ட பேசுங்க, இத நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ரெண்டாவது கச்சேரிக்கு ஆடி மாசம் தேதி பார்த்தோம், முகூர்த்தம் இல்லாததால கல்யாண மண்டபம் எல்லாம் சும்மா கிடக்கும், வாடகை சல்லிசு, கரண்டு இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு, வேற என்ன வேணும்னு அட்வான்ஸ் குடுக்குற வரைக்கும் போயாச்சு. ரெண்டு பாட்டுக்கு ஒப்பாரி பாட உசிலம்பட்டிப் பக்கத்துலருந்து ஒரு அப்பத்தாவக் கூப்பிட்டிருந்தோம், மண்டபம்னு சொன்னதும் அது வெத்தலையத் துப்பிட்டு, "தாலி கட்டுற எடத்துல போயி ஒப்பாரி வெக்கச் சொல்றியே ராசா, அடுத்த மாசம் அங்க உக்காரப் போற பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"ன்னு கேட்டுச்சு. டிரம்மர் பய மூட நம்பிக்கை அது இதுன்னு ஆரம்பிச்சான், நான் அவன் வாய அடைச்சேன். அப்பத்தா எத்தனை வருஷமா எழவு வீட்டுல பாடுது, அந்தப் பாட்ட எங்க வெக்கணும் எங்க வெக்கக் கூடாதுங்குறது அதோட தொழில் ஞானம், மைக்க எங்க வெக்கணும்னு நமக்கு இருக்குற மாதிரி. எடத்த முதல்லயே முடிவு பண்ணிட்டு ஆளக் கூப்பிட்டா, வர்ற ஆளுதான் நமக்காக வளையணும்.

கடைசியில சோழவந்தான் பக்கம் ஓடாம கிடந்த ஒரு ரைஸ் மில்லு கிடைச்சுச்சு. மண்டபத்த விட நூறு மடங்கு தேவலாம், உசரமான செவுரு, தகரக் கூரையில அங்கங்க கண்ணாடி ஓடு, ரெண்டு நாள் கூட்டித் தள்ளியும் காத்துல தவிட்டுத் தூசி மிச்சம் இருந்ததால லைட்டு போட்டா ஒளி கம்பி கம்பியா தெரிஞ்சுச்சு, ஸ்மோக் மெஷின் வாடகை மிச்சம் (வீசிங் இருக்கவங்கள முன்னாடியே கேட்டு வாசப்பக்கம் உக்கார வெச்சிருங்க, தீப்பந்தம் மெழுகுவத்தின்னு கோத் ஐடியா எதுவும் உள்ள வேணாம், தவிட்டுத் தூசி பத்திக்கிரும், பறை காய்ச்சுறது எல்லாம் தள்ளி ரோட்டோரமா). எதிரொலி ஓவரா இருந்துச்சு, செவுத்துல பழைய சணல் சாக்கத் தொங்கவிட்டதும் அடங்கிருச்சு. மூட்டை ஏத்துற வண்டிக்குன்னு ஒரு சாய்தளம் ஏற்கனவே கட்டியிருந்தாய்ங்க, வீல்சேர்ல வந்த ரெண்டு பேரு அதுல ஏறி மேடைக்குப் பக்கவாட்டுல நல்ல எடத்துல உக்காந்தாங்க, மத்தவங்க எல்லாம் எக்கி எக்கிப் பார்க்க வேண்டியதாப் போச்சு.

நேரமும் அப்படித்தான். ராத்திரி இசைய ராத்திரிதான் வாசிக்கணும்னு பேண்டு பசங்க ஒத்தக் கால்ல நின்னாய்ங்க. ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் வெக்க சட்டப்படி முடியாதுங்குறது ஒரு பக்கம், ஒன்பதரைக்கு முடிச்சா எந்தப் பொண்ணு பஸ் ஏறி வீட்டுக்குப் போகும்? சாயங்காலம் நாலரைக்கு ஆரம்பிச்சு ஏழரைக்கு முடிச்சோம், பொம்பளைகளுக்குத் தனியா கதவு தாழ்ப்பாள் உள்ள பாத்ரூம் ஏற்பாடு பண்ணி அத போஸ்டர்லயே போட்டோம், கூட்டத்துல பாதிக்குப் பாதி பொண்ணுக. முதல் கச்சேரிக்கு வந்த பொண்ணுக ஆறே பேரு, அதுல மூணு பேரு பேண்டுக்காரய்ங்களோட தங்கச்சிக. கூட்டத்த கேமரா காட்டுறது அப்புறம், முதல்ல கூட்டம் வந்து சேரணும்ல.

இப்ப லைட்டு. கொஞ்சம் நீளமாத்தான் பேசுவேன், பொறுத்துக்கங்க, ஏன்னா பாதி அநியாயம் இங்கதான் நடக்குது.

நம்ம ஊருக்குக் கருப்பு புதுசில்ல. அழகர்கோயில்ல பதினெட்டாம்படிக் கருப்பன் சிலை கூட இல்லாம சாத்துன கதவாவே நிக்கிறாரு, கதவு மேல சந்தனத்த அப்பி வெச்சிருப்பாங்க, அது முன்னாடி பொய்ச் சத்தியம் பண்ண எவனுக்கும் தைரியம் வராது. கார்த்திகை மாசம் பெரியார் பஸ் ஸ்டாண்டுல கருப்பு வேட்டியோட மாலை போட்டு நிக்கிற கூட்டத்தப் பார்த்தா லண்டன் கோத் பார்ட்டி எவனாச்சும் நம்மாளுகடான்னு கட்டிப் புடிச்சிருவான், திராவிடர் கழகத்துக்காரங்களும் கருப்புச் சட்டைதான். இவ்வளவு கருப்ப வெச்சுக்கிட்டு கல்யாண வீடியோவுல மட்டும் "பொண்ணக் கொஞ்சம் கலரா காட்டுங்க தம்பி"ன்னு வந்து நிப்பாங்க, நானும் எத்தனையோ பொண்ணு முகத்த எடிட்ல வெளுக்க வெச்சுக் காசு வாங்கிருக்கேன், பொய் சொல்லல. அந்தப் பழக்கம் கச்சேரிப் படத்துலயும் கைய விட்டுப் போகாது, கவனமா இருக்கணும்.

நடக்குறது என்னன்னா, பாடுற பையன் முகம் பூரா வெள்ளை பெயிண்டு. அவனுக்கு ரெண்டடி தள்ளி நிக்கிற பாஸ் கிட்டார் தம்பி நல்ல கருப்பு, கருப்புச் சட்டை, பின்னாடி கருப்புத் திரை. ரெண்டு மூஞ்சிக்கும் நடுவுல ரெண்டரை மூணு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) வித்தியாசம் வந்துரும். கேமராவ ஆட்டோவுல விட்டா அது வெள்ள மூஞ்சி வெடிச்சிரக் கூடாதுன்னு எக்ஸ்போஷரக் கீழ இறக்கும், உடனே பாஸிஸ்ட் ரெண்டு கண்ணும் பல்லுமா மாறிருவான். முதல் படத்துல ஒரு முழுப் பாட்டுக்கு அவன் அப்படித்தான் தெரிஞ்சான், அவங்க அம்மா பார்த்துட்டு "எம்பையன் எங்கடா இதுல?"ன்னு கேட்டுச்சு, சிரிச்சு மழுப்பிட்டேன். கேமரா கெட்டுப் போயி இப்படி நடக்கல, பழைய வியாதி இது. ஃபிலிம் காலத்துல கோடாக் கம்பெனி லேபுகளுக்கு கலர் சரியா வந்திருக்கான்னு பார்க்க ஒரு அட்டை அனுப்பும், ஷெர்லி கார்டுன்னு பேரு, அதுல இருக்குறது ஒரு வெள்ளக்காரப் பொண்ணு படம், அந்த முகம் நல்லா வந்தா எல்லாம் நல்லா வந்துச்சுன்னு அர்த்தம். பல நிறத்து ஆளுக சேர்ந்து நிக்கிற கார்டு வந்தது 1990கள்லதான்.

அதனால கேமராவ மேனுவல்ல போட்டுட்டு மேடையிலயே யாரு அதிகக் கருப்போ அவரு முகத்துக்கு முதல்ல அளவு எடுங்க. வேவ்ஃபார்ம் (வெளிச்சத்த 0லருந்து 100 வரைக்கும் காட்டுற கிராஃப்) இருக்குற கேமரான்னா அந்த முகத்தோட வெளிச்சம் படுற பக்கம் சுமார் 40க்குப் பக்கத்துல நிக்கட்டும், அப்புறம் அதுக்கு ஏத்த மாதிரி வெள்ள மூஞ்சிக்காரன அடக்குங்க. எப்படி அடக்குறது? மேக்கப்ல. சுத்த வெள்ளை பெயிண்டுல அவன் தோல் கலர் ஃபவுண்டேஷனக் கலந்து ரெண்டு படி இறக்கச் சொல்லுங்க, நேர்ல பார்க்க அழுக்கு வெள்ளையா இருக்கும், கேமராவுல அப்பவும் பேயறைஞ்ச மாதிரிதான் தெரியும், கவலையே படாதீங்க. ஜீப்ராவ (வெளிச்சம் நாம வெச்ச அளவத் தொட்ட எடத்துல கோடு போட்டுக் காட்டுறது) 70ல வெச்சுட்டு அவன் மூஞ்சியில கோடு ஓடாத வரைக்கும் அவன் பக்கத்து லைட்டக் கொறைங்க. போன்ல எடுக்குறவங்க பாஸிஸ்ட் முகத்துல விரல வெச்சு அழுத்திப் புடிச்சா ஃபோகஸும் எக்ஸ்போஷரும் லாக் ஆயிரும், அம்புட்டுதான்.

கருப்புத் தோலுக்கு பவுடர் அடிக்காதீங்க, சாமி. நம்ம மேக்கப்காரங்க பவுடர் அடிச்சு அடிச்சு ஆளச் சாம்பல்ல புரட்டி எடுத்த மாதிரி ஆக்கிருவாங்க. அந்தத் தோலோட அழகு பளபளப்புலதான், லேசா மாய்ஸ்சரைசர் தடவி விட்டுட்டு பக்கவாட்டுலருந்து பெருசா, மெத்துனு ஒரு லைட்டு குடுங்க, கன்ன எலும்பு, நெத்தி, மூக்குத் தண்டுன்னு வெளிச்சம் வழிஞ்சு நிக்கும். பின்னாடி தோளுலயும் முடியிலயும் படுற மாதிரி இன்னொரு லைட்டு, இல்லன்னா கருப்புத் திரையில ஆளு கரைஞ்சிருவான். திரையையே மாத்துனா இன்னும் நல்லது, நாங்க மில்லுச் சாக்கையே தொங்கவிட்டோம், அந்தப் பழுப்பு நெறத்துக்கு முன்னாடி கருப்புச் சட்டையும் கருப்பு முகமும் தனித்தனியா எடுப்பா நின்னுச்சு.

கலர் விஷயம். கோத்னாலே நீலமும் ஊதாவும்னு டிஜே லைட்டுக்காரரு அவரா முடிவு பண்ணிருவாரு. நம்ம பழுப்புத் தோல் சிவப்பு, மஞ்சள் பக்கத்து ஒளியத்தான் நல்லாத் திருப்பி அனுப்பும், நீலத்த முழுங்கிரும், அதனால எல்இடி நீலத்த நேரா மூஞ்சியில அடிச்சா வெளுத்த மூஞ்சி ஜொலிக்கும், கருத்த மூஞ்சி மறையும். நீலத்த முதுகுக்கும் செவுத்துக்கும் குடுங்க, மூஞ்சிக்கு ஆம்பர், பெட்ரோமாக்ஸ் வெளிச்ச கலர். அப்புறம் எந்த ரெண்டு கலரச் சேர்க்குறோம்னு உள்ளூர்க்காரன் ஒருத்தன் கண்ணால பார்க்கச் சொல்லுங்க, நம்ம பக்கத்துல ரெண்டு கலரு சேர்ந்தா கொடி, கொடின்னா சாதி, அப்புறம் கச்சேரி எங்கிட்டோ போயிரும். எல்இடி மினுக்காம இருக்க 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. ஸ்ட்ரோப் லைட்டு செகண்டுக்கு 3 தடவைக்கு மேல வெட்ட வேணாம், வலிப்பு இருக்கவங்களுக்கு ஆபத்து, எடிட்லயும் அந்தக் கணக்க மீறாதீங்க, படத்து முன்னாடி ஒரு எச்சரிக்கையும் போட்ருங்க.

சவுண்டு. முதல் படத்துல பறை காணாமப் போனதுக்கு கேமரா பாதிக் காரணம்னா சவுண்டு செட்டு மீதிக் காரணம். "அது இருக்குற சத்தத்துக்கு மைக்கு எதுக்குண்ணே"ன்னு சவுண்டு செட்டுக்காரரு சொன்னாரு, கூட்டத்துல நிக்கிறவனுக்கு அது சரிதான், ஆனா மைக்கு இல்லன்னா ரெக்கார்டிங்ல டிராக்கே இல்ல, பாடுறவன் மைக்குல ஒழுகி வந்த சத்தம் மட்டும்தான் இருக்கும், எடிட்ல அண்ணன் மூஞ்சியக் காட்டுனாலும் அடிக்கு சத்தம் ஒட்டாது, உடனே எடிட்டர் கை தானா வேற ஷாட்டுக்குப் போயிரும். ஆளுக்கொரு மைக்கு, ஆளுக்கொரு டிராக்கு, 48 கிலோஹெர்ட்ஸ்ல தனித்தனியா பதிவாகணும். பறைக்காரங்க ஆடிக்கிட்டே அடிப்பாங்க, ஸ்டாண்டு மைக்கு வேலைக்கு ஆகாது, தோள் வாருல மாட்டுற சின்ன கிளிப் மைக்கு வயர்லெஸ்ஸோட வாங்குங்க, மாட்டுனதும் அண்ணன ஒரு தடவை முழு வேகத்துல அடிக்கச் சொல்லி லெவல் பாருங்க, சிண்டுக்குச்சி சுள்ளுன்னு விழுறதும் அடிக்குச்சி திம்முன்னு விழுறதும் தனித்தனியா கேக்கணும். 2018 ஜனவரியில சென்னை கீழ்ப்பாக்கத்துல தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 19 பேரா முதல் மேடை ஏறுனாங்க, கானாவும் ராப்பும் ராக்கும் சேர்ந்த கூட்டம், நம்ம வாத்தியத்துக்கு ராக் பேண்டுல இடம் இருக்கான்னு அதுக்கப்புறமும் கேக்குறவன் காதக் கழுவிட்டு வரணும்.

ஒப்பாரிக்கு இன்னொரு சிக்கல். கோத்ல டிரம் மெஷின் பழக்கம் உண்டு, சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சிங்குற பேண்டு அவங்க மெஷினுக்கு டாக்டர் அவலான்ஷுன்னு பேரே வெச்சு ஆளு மாதிரி நடத்துனாங்க. அந்த மெஷின் தாளத்துக்குள்ள அப்பத்தாவ அடைக்கப் பார்த்தோம், மூணு ரிகர்சல், ஒண்ணும் நடக்கல, அது மூச்சு இருக்குற வரைக்கும் வரிய இழுக்கும், மூச்சு முட்டுற எடத்துல மூக்க உறிஞ்சிட்டு அடுத்த வரி. அப்புறம் கீபோர்டு பொண்ணு ஒரு யோசனை சொல்லுச்சு, மெஷின நிறுத்திட்டு அப்பத்தா எந்தச் சுருதியில எடுக்குதோ அத காதுல கேட்டுக் கண்டுபுடிச்சு ஒரே சுரத்த நீளமா புடிச்சுக்கிச்சு, அப்பத்தா முடிச்சுத் தலைய ஆட்டுனதும் பாஸ் உள்ள வரும். பேண்டு அப்பத்தாவுக்குப் பின்னாடி போச்சு. படத்துலயே அந்த ஆறு நிமிஷம்தான் எனக்குப் புடிச்சது.

கிட்டாரிஸ்ட் சாமியாடி ஒருத்தரக் கூட்டியாந்து மேடையில ஆட வைக்கலாம்னு கேட்டான். முடியாதுன்னுட்டேன். பறையும் ஒப்பாரியும் தெரிஞ்ச வித்தை, கூலி பேசிக் கூப்பிடலாம், கிட்டாருக்கு எவ்வளவோ அதே கூலி. சாமி எறங்குறது வித்தையில்ல.

கேமரா நாலு வெச்சா ஒண்ண அசையாம வைடுல விட்ருங்க, ஒண்ணு பாடுறவனுக்கு, ஒண்ணு சுத்துறதுக்கு, நாலாவது கேமராக்காரருகிட்ட மட்டும் கண்டிப்பா சொல்லிருங்க, பாடுறவன் பக்கம் திரும்பவே கூடாதுன்னு. ஓரத்துல நிக்கிறவங்க, பின்னாடி உக்காந்தவங்க, கூட்டம், அவ்வளவுதான் அவரு வேலை. அந்த நாலாவது கேமராவ நாங்க ஒரு பொண்ணுகிட்ட குடுத்தோம், காலேஜ்ல விஸ்காம் படிக்குது, அது எடுத்த புட்டேஜப் பார்த்துட்டுதான் நான் எடுத்ததுல என்ன குறைன்னு எனக்கே தெரிஞ்சுச்சு. நான் கீபோர்டு பொண்ண எடுத்த ஷாட்டு எல்லாமே மூஞ்சி, உதடு, முடி. கிட்டாரிஸ்ட்டுக்கு மட்டும் விரலு, ஃபிரெட்டு, பெடல்னு தொழில் தெரியிற மாதிரி எடுத்து வெச்சிருக்கேன். அந்தப் பொண்ணு எடுத்ததுல கீபோர்டுக்காரியோட ரெண்டு கையும் இருந்துச்சு, இடது கை சுண்டு விரல் ஒரு கட்டையப் புடிச்சுக்கிட்டே நாலு நிமிஷம் நடுங்குறது கூடத் தெரிஞ்சுச்சு.

கூட்டத்த எடுக்க சம்மதம் வாங்குங்க, சும்மா ஒரு போர்டு வெச்சா பத்தாது. கருப்பு லிப்ஸ்டிக் போட்டு ஆடுற பொண்ணு வீட்டுல டியூஷன்னு சொல்லிட்டு வந்திருக்கும். வேஷத்துக்காக அடி விழுறது எங்கியும் நடக்குறதுதான், 2007ல இங்கிலாந்துல பேக்கப்னு ஒரு ஊரு பார்க்குல சோஃபி லங்காஸ்டர்ங்குற 20 வயசுப் பொண்ண கோத் மாதிரி இருக்கான்னே அடிச்சுக் கொன்னாய்ங்க, 2013லருந்து கிரேட்டர் மான்செஸ்டர் போலீஸ் இந்த மாதிரி ஆளுக மேல நடக்குற தாக்குதல வெறுப்புக் குற்றமா பதிவு பண்ணுது. அதனால படத்துல வர விருப்பம் இல்லாதவங்களுக்கு அடையாளம் ஒண்ணு வேணும்னு வாசல்ல கலர் கயிறு கட்டி விடலாம்னு பிளான் போட்டோம். நல்லவேளை, பறை அண்ணன் காதுல விழுந்துச்சு. "தம்பி, இந்த ஊருல கையில கலர் கயிறு கட்டுனா என்ன அர்த்தம்னு தெரியுமா தெரியாதா?" தெரியும்தான், தோணல. பள்ளிக்கூடத்துல சாதிக் கயிறு கட்டக் கூடாதுன்னு 2024ல நீதிபதி சந்துரு கமிட்டி சொல்ற அளவுக்குப் போன சமாச்சாரம். வெள்ளை ஸ்டிக்கர தோள்பட்டையில ஒட்டி விட்டோம், லைட்டுல பளிச்சுன்னு தெரியும், எடிட்ல தேடுறதும் ஈசி.

எடிட்டுக்கு வந்தாச்சுன்னா ஸ்டாப்வாட்ச எடுங்க. டைம்லைன்ல ஆளுக்கொரு கலர் மார்க்கர், எக்ஸெல்ல நாலு கட்டம்: மூஞ்சி எத்தனை செகண்டு, கை எத்தனை செகண்டு, வாசிக்கிற சத்தம் அந்த ஷாட்டோட சேர்ந்து வருதா, வாசிக்காம சும்மா அழகுக்குக் காட்டுனது எத்தனை. எல்லாருக்கும் சமமா வரணும்னு நான் சொல்லல, பாடுறவன் அதிகம்தான் வருவான், அதுல தப்பில்ல. நாலாவது கட்டம் யாருக்கு ரொம்பக் கூடுதலா இருக்குன்னு பாருங்க, பத்துக்கு ஒம்போது தடவை அது கருத்த ஆளா, வயசான ஆளா, பறைக்காரரா இருக்கும்.

இன்னொண்ணு, கோத் படத்துக்கே உரிய கண்ணி. பாட்டுல பேய், பிசாசு, பிணம்னு வார்த்தை வரும். அந்த வார்த்தைக்கு எந்த மூஞ்சிக்கு வெட்டுறீங்க? எங்க எடிட்டர் தம்பி நல்ல பய, கெட்ட எண்ணமே கிடையாது, ஆனா "பேய்"னு வந்த எடத்துல ரிதமுக்கு சரியா இருக்குன்னு அப்பத்தா மூஞ்சிக்கு ஒரு கட்டு, கூடப் பாடுன அக்கா மூஞ்சிக்கு ஒரு கட்டு. அந்த அக்கா திருநங்கை. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த கை தானா அங்கதான் போகுது. அந்த மாதிரி வார்த்தைக்கு எல்லாம் வெள்ளை பெயிண்டு அடிச்ச பயலுக்கே வெட்டு, அவன்தான பேயாகணும்னு ஆசைப்பட்டு பெயிண்டு அடிச்சுட்டு வந்தான்னு சொல்லிட்டேன்.

டைட்டில் கார்டுல "பறைக் குழு"ன்னு ஒத்த வரியில முடிக்காதீங்க, ஒவ்வொருத்தர் பேரும் வாத்தியத்தோட, கிட்டாரிஸ்ட் பேரு இருக்குற அதே எழுத்து சைஸ்ல. பேர எப்படிப் போடணும்னு அவங்கவங்களையே கேளுங்க. அந்த அக்காகிட்ட பேருக்கு முன்னாடி திருநங்கைன்னு போடவான்னு கேட்டோம். "கிட்டாரிஸ்ட் பேருக்கு முன்னாடி ஆம்பளைன்னு போடப் போறீங்களா?"ன்னு திருப்பிக் கேட்டாங்க, முடிஞ்சது கதை. நம்ம மதுரையில பொறந்த நர்த்தகி நடராஜும் திருநங்கைதான், அவங்க 2019ல பத்மஸ்ரீ வாங்குனது பரதநாட்டியத்துக்குத்தான. சப்டைட்டில் தமிழ்லயும் வேணும், காது கேக்காதவங்களுக்கு "பறை ஆரம்பிக்குது", "பாஸ் மட்டும்"னு சத்தத்தையும் எழுதணும், ஒப்பாரி வரிய அப்பத்தா சொன்ன மாதிரியே எழுதுங்க, அத செந்தமிழுக்கு மாத்துற வாத்தியார் வேலை நமக்கு வேணாம்.

கடைசியா தம்ப்நெயில். ரெண்டாவது படத்துக்கு பெயிண்டு மூஞ்சிய வெக்கக் கூடாதுன்னு பிடிவாதமா இருந்தேன், அப்பத்தா பாடுறப்ப கண்ண மூடி நெஞ்சுல கைய வெச்சிருக்குற ஃபிரேம் ஒண்ணு, பார்த்தாலே புல்லரிக்கும், அததான் வெக்கணும்னு முடிவு பண்ணி ஏத்துறதுக்கு முன்னாடி போன்ல எடுத்துட்டுப் போயி அதுகிட்ட காட்டுனேன். கண்ணாடியப் போட்டுப் பார்த்துச்சு, ரொம்ப நேரம் பார்த்துச்சு. "நல்லாத்தான்யா இருக்கு. ஆனா எம்மூஞ்சிய ஊரெல்லாம் போட்டா, நாந்தேன் போயிட்டேன்னு நெனச்சு மாலையும் கையுமா வந்துருவாய்ங்க. கைய மட்டும் வேணா போட்டுக்க."

கை மட்டும்தான் இருக்கு தம்ப்நெயில்ல, வெத்தலக் கறையோட.